பச்சை டேகை நம்பலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், பெரிய கடைகளுக்குப் போனால் ‘சூழலுக்கு உகந்தது’ என்று பச்சை டேக் தொங்கும் உடையாகத் தேடி வாங்குகிறாள். 100 ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை என்கிறாள். அந்த டேகை நம்பலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகளின் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அவள் ஏமாறக் கூடாது என்று நினைக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 18 வருடம் செக்கிங், பேக்கிங் பார்த்தவள் நான். ஒரு ஆர்டருக்கு, சொரசொரப்பான பழுப்பு அட்டையில் இலைப் படம் போட்ட டேக் வந்தது. உள்லேபிளில் ஆர்கானிக் பருத்தி 20 சதவீதம், மீதி சாதாரணப் பருத்தி. டேகில் அந்த 20 எங்குமே இல்லை. ஆயிரக்கணக்கான பீஸ்களில் என் கையாலேயே அதை மாட்டினேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

கடையில் முதலில் கைக்கு வருவது டேக்தான். பழுப்புக் காகிதத்தைத் தொட்டதுமே இயற்கையானது என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. தையலைத் திருப்பி உள்லேபிளைப் பார்ப்பவர்கள் குறைவு. படித்தவர்களும் அப்படித்தான். நெதர்லாந்தில் நுகர்வோர் ஆணையம் விசாரித்த பிறகு, எச் அண்ட் எம், டெக்கத்லான் என்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்களும் 2022இல் சூழல் பற்றிய இப்படிப்பட்ட தெளிவில்லாத வாசகங்களைத் திருத்துவதாகவோ கைவிடுவதாகவோ ஒப்புக்கொண்டன.

டேகில் வராத பெரிய விஷயம் சாயம். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் எங்கள் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. அது பெரிய செலவு. அந்தச் செலவைச் சுமக்கிற பட்டறையில்தான் இந்தத் துணி சாயம் ஏறியதா என்று எந்த டேகும் சொல்லி நான் பார்த்ததில்லை.

சரி, மகள் என்ன செய்யலாம்? சதவீதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘காட்ஸ்’ (GOTS) என்பது ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச் சான்று. அந்த முத்திரையோடு ‘ஆர்கானிக்’ என்று மட்டும் இருந்தால், குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். ‘ஆர்கானிக் கலந்தது’ என்றால் 70 போதும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்த பாலியஸ்டர் என்றால் கொஞ்சம் யோசிக்கட்டும். பாட்டிலைத் திரும்பவும் பாட்டிலாக்கலாம். பனியனாக்கிவிட்டால் பெரும்பாலும் அதன் பயணம் குப்பையில்தான் முடியும்.

அவள் ஏற்கெனவே வாங்கியதில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டுத் தையலில் இருக்கும் லேபிளை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். என்ன போட்டிருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.