எஸ்பெராண்டோவில் ‘இரு’ எது, ‘ஆகு’ எது?

கேள்வி: எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைக் கற்று வருகிறேன். ‘ஆசிரியராக இருந்தார்’, ‘ஆசிரியர் ஆனார்’ இரண்டுக்கும் ‘எஸ்டி’ (இரு) போதுமா? ‘ஃபாரிஜி’, ‘இஜி’ என்றும் பார்க்கிறேன். எதைப் பயன்படுத்துவது?

பதில்: போதாது. ‘லி எஸ்டிஸ் இன்ஸ்ட்ருயிஸ்டோ’ என்றால் அவர் அப்போது ஆசிரியராக இருந்தார், அவ்வளவுதான். எப்போது ஆனார் என்பது அதில் இல்லை. ஆனதைச் சொல்ல ‘லி ஃபாரிஜிஸ் இன்ஸ்ட்ருயிஸ்டோ’ என்று எழுதுங்கள். ‘இஜிஸ்’ என்றாலும் சரிதான். ஃபாரிஜி பழைய வழக்கு, இஜி சுருக்கம். பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. எதைப் போட்டாலும் ‘இன்ஸ்ட்ருயிஸ்டோ’வுக்குப் பின் செயப்படுபொருளுக்கான ‘ன்’ சேர்க்காதீர்கள். நாமும் ‘ஆசிரியரை ஆனார்’ என்பதில்லையே.

இன்னொன்று: ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் முடிப்போம். எஸ்பெராண்டோவில் ‘எஸ்டாஸ்’ (எஸ்டியின் நிகழ்காலம்) இல்லாமல் வாக்கியம் நிற்காது.

சாமென்ஹோஃப் உருவாக்கி 1887இல் வெளியிட்ட இந்த மொழியின் உண்மையான அழகு ‘இஜ்’, ‘இக்’ என்ற இரண்டு ஒட்டுகளில் இருக்கிறது. (‘இக்’கின் ஈற்றை ‘தங்கம்’ என்பதிலுள்ள ககரம்போல ஒலிக்க வேண்டும்.) ‘வர்மா’ என்றால் சூடான. ‘லா அக்வோ வர்மிஜாஸ்’, தண்ணீர் சூடாகிறது. ‘மி வர்மிகாஸ் லா அக்வோன்’, நான் தண்ணீரைச் சூடாக்குகிறேன். ஆகு, ஆக்கு என்ற நம் இணை அப்படியே பொருந்துகிறது! பெயர்ச்சொல்லிலும் ஒட்டும்: ‘எட்ஸோ’ கணவன், ‘எட்ஸிஜி’, கணவனாவது, அதாவது ஆண் மணம் செய்துகொள்வது. வினையிலும் ஒட்டும்: ‘ஸிடி’ உட்கார்ந்திருப்பது, ‘ஸிடிஜி’ உட்காருவது.

தமிழர்கள் அதிகம் தடுமாறக்கூடிய இடம் வேறு. ‘கூட்டம் தொடங்கியது’, ‘கூட்டத்தைத் தொடங்கினார்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே வினை. எஸ்பெராண்டோவில் ‘கொமென்ட்ஸி’ ஒன்றைத் தொடங்குவது மட்டுமே. தானாகத் தொடங்கினால் ‘கொமென்ட்ஸிஜி’. ‘ரோம்பி’ உடைப்பது, ‘ரோம்பிஜி’ உடைவது. ஆனால் ‘போலி’ தானே கொதிப்பது, கொதிக்கவைக்க ‘போலிகி’. வேர்ச்சொல் எந்தப் பக்கம் என்பதை ஊகிக்க முடியாது. அதனால் புது வினை ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போதே, செயப்படுபொருள் ஏற்குமா என்று அகராதியில் பார்த்துப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஏற்றால் ‘இஜ்’ தேவைப்படும், ஏற்காவிட்டால் ‘இக்’.