1,179 ரூபாயை மிச்சம் பிடிக்க 54,000 ரூபாய் ஃபிரிட்ஜா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வீட்டுச் செலவை மாதம் 22,000 ரூபாய்க்குள் முடித்துவிடுவேன். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, கிரெடிட் கார்டு புள்ளிகளை வைத்தே குடும்பத்தோடு ஊருக்கு வந்து போகிறான். "சிக்கனமாக இருப்பவர்களுக்குத்தான் அக்கா கார்டு லாபம். கணக்கு தொடங்கினாலே இங்கே வங்கி பணம் தருகிறது" என்பான். அவன் பேச்சைக் கேட்டு ஒரு கார்டு வாங்கினேன். 100 ரூபாய்க்கு 2 புள்ளி, ஒரு புள்ளி 25 பைசா. ஆண்டுக் கட்டணம் 999. வருடத்தில் 2 லட்சம் செலவழித்தால் கட்டணம் கிடையாது. ஆண்டு முடிய பத்து நாள் இருக்கிறது, இதுவரை 1,46,000 ஆகியிருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடுவதில்லை. 54,000-க்குப் புதிது வாங்கினால் கணக்கு நேராகிவிடும். வாங்கலாமா? இன்னும் இரண்டு கார்டு, ஒரு தனியார் வங்கிக் கணக்கு எடுக்கலாம் என்றும் நினைக்கிறேன்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: வாங்காதீர்கள். கார்டும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

1,46,000 ரூபாய்க்கு 2,920 புள்ளி சேர்ந்திருக்கும். காசாக்கினால் 730 ரூபாய். புள்ளியை மாற்றுவதற்கென்றே பல கார்டுகளில் 99 ரூபாயும் வரியும் பிடிக்கிறார்கள். அது உங்கள் கார்டிலும் இருந்தால் கைக்கு வருவது 613. ஆண்டுக் கட்டணமோ ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,179. ஒரு வருடம் ஒவ்வொரு பில்லுக்கும் கார்டை நீட்டியும் நீங்கள் நஷ்டத்தில்தான் நிற்கிறீர்கள். இந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட 54,000 செலவழித்தால் அதற்குக் கிடைக்கும் புள்ளியின் மதிப்பு 270 ரூபாய். மாதம் 22,000-க்குள் வீட்டை நடத்தும் நீங்கள், புள்ளி இல்லாவிட்டால் இந்த மாதம் ஃபிரிட்ஜ் வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள். 2 லட்சம் என்ற எல்லையை வைத்தவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்தச் செலவைத்தான்.

என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போய், ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவி ஆளாக, இருந்தவர். அவருடைய குறிப்பு நோட்டு ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. காவித் துணி அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. "பொடிமட்டை அரையணா" என்றுகூட ஒரு வரி உண்டு. ஜவுளி எடுத்த இடத்தில் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்திருப்பார். ஆனால் எவ்வளவு குறைந்தது என்பது நோட்டில் எங்கேயும் இல்லை, கொடுத்த தொகை மட்டும்தான் இருக்கும். பெட்டியில் வந்து விழாத பணத்தை அவர் வரவு வைத்ததே இல்லை. நீங்களும் அப்படி எழுதிப் பாருங்கள். புள்ளி உங்கள் கணக்கில் ரூபாயாக விழுந்த அன்றைக்கு எழுதினால் போதும். நம் பக்கம் புள்ளி என்றால் கோயில் கணக்கில் ஒரு குடும்பம், அதற்கு வரி கொடுக்கவேண்டும். கார்டுப் புள்ளிக்கும் யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

யார் என்று சொல்கிறேன். சென்ற மாதம் காரைக்குடியில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் தன் கார்டு பில்லைக் கொண்டுவந்து காட்டினான். நிலுவை 40,000. பக்கத்திலேயே 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்டவேண்டியது, 2,000 என்று இருந்தது. 2,000 கட்டினால் போதும் என்று நம்பி அதை மட்டும் கட்டியிருக்கிறான். மீதி 38,000-க்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி 1,330, அதன்மேல் ஜிஎஸ்டி 239. கட்டிய 2,000-ல் கடனில் குறைந்தது 431 ரூபாய்தான். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவதால் உண்மைக் கணக்கு இதைவிட மோசம். பாக்கி வைத்தவனுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது. அடுத்த நாள் வாங்கிய சட்டைக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

வருடத்துக்கு 42 சதவீதம் ஆகிறது. 30-க்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி என்றால் என்ன என்று நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் ஐஓபி கதவைத் திறந்த ஊர் இது. அந்த ஊர்ப் பிள்ளை ஒரு செல்போன் கவருக்கு 42 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சரி, உங்கள் தம்பி சொல்வது பொய்யா? இல்லை. அவர் ஊரில் அது உண்மை. மூன்று மாதத்தில் 4,000 டாலர் செலவழித்தால் 600 டாலர் பெறுமானமுள்ள புள்ளி என்ற மாதிரி விளம்பரம் அங்கே சகஜம். சம்பளத்தை நேராகப் போடச் செய்தால் புதுக் கணக்குக்குச் சில நூறு டாலர் தருவதும் உண்டு, அதை வட்டி வருமானமாகக் காட்டி வரி கட்டவேண்டும். அங்கேயும் எல்லை இருக்கிறது: 24 மாதத்தில் ஐந்து புதுக் கார்டு எடுத்தவருக்கு சேஸ் வங்கி பொதுவாக அடுத்ததைத் தருவதில்லை. இவ்வளவு தாராளம் எப்படி முடிகிறது என்றால், கார்டில் ஒவ்வொரு முறை பணம் வாங்கும்போதும் அங்கே கடைக்காரர் ஏறக்குறைய 2 சதவீதத்தை வங்கிகளுக்கு விட்டுக்கொடுக்கிறார். ஐரோப்பாவில் 2015-ல் கிரெடிட் கார்டுக்கு வங்கிகள் வாங்கும் அந்தப் பங்கை 0.3 சதவீதத்தில் கட்டிப்போட்டார்கள், புள்ளிகளும் சுருங்கிவிட்டன. இங்கே வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ-யில் வரும் பணத்துக்குக் கடைக்காரர் கட்டணமே கொடுப்பதில்லை. கீரைக்காரம்மா மாட்டியிருக்கும் க்யூஆர் அட்டையிலிருந்து வங்கிக்கு ஒன்றும் வராது, உங்களுக்கும் புள்ளி வராது. தம்பியின் கணக்கைத் தேவகோட்டைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான்.

புது வங்கிக் கணக்கு விஷயமும் இப்படித்தான். ஒரு பரிசுக் கூப்பனுக்காகத் தனியார் வங்கியில் 10,000, சில இடங்களில் 25,000 கூட, குறைந்தபட்ச இருப்பாக முடங்கும். ஒரு மாதம் குறைந்தால் அபராதம். ஒரே வங்கியில் வட்டியோடு 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தால் இரண்டாவது வங்கிக்குப் போவதில் நியாயம் உண்டு, ஏனென்றால் வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். கூப்பன் அதற்குக் காரணம் ஆகாது.

அப்புறம், கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டு ஒன்று போதும். கேஸ் சிலிண்டர், மருந்து, மளிகை என்று எப்படியும் ஆகிற செலவை அதில் போடுங்கள். மின்கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் பல கார்டுகளில் புள்ளி குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து 'டோட்டல் டியூ', அதாவது முழு நிலுவையும், தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போடுங்கள். விண்ணப்பத்தில் 'மினிமம் டியூ' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடாமல் நீங்களே பாருங்கள், அந்தப் பையனுக்கு அங்கேதான் தவறியது. இதில் வருடத்துக்கு 700, 800 ரூபாய் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது நல்ல பணம்தான்.

இப்போதுள்ள கார்டை இந்தப் பத்து நாளுக்குள் மூடிவிடுங்கள். முதலில் புள்ளியை மாற்றிக்கொண்டு, நிலுவையைப் பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டு, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். "கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள் மேடம்" என்று போன் வரும். அந்தத் தள்ளுபடி எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். ஒரு வருடம் என்றால் வேண்டாம்.

ஃபிரிட்ஜ் கதவு மூடாததற்குப் பெரும்பாலும் சுற்றியிருக்கும் ரப்பர் இறுகிப்போனதுதான் காரணம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.