மகன் எழுதும் ஆண்டில் தாயும் பத்தாம் வகுப்பு எழுதலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு எழுதிய கையோடு, அப்பா பட்ட கடனுக்காகக் குடும்பமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டது. அத்துடன் என் படிப்பு நின்றது. பதினேழு வயதில் திருமணமும் ஆனது. கணவர் இப்போது உயிருடன் இல்லை. சீசனில் மாங்கூழ் தொழிற்சாலையிலும் மற்ற நாட்களில் நூறு நாள் வேலையிலும் கிடைக்கும் கூலியில் மகனைப் படிக்க வைக்கிறேன். அவன் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு. அங்கன்வாடியில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது என் ஆசை. நானும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா? டி.சி. என்னிடம் இல்லை. கணக்கு என்றாலே பயம். மகனோடு சேர்ந்து எழுதினால் ஊர் சிரிக்காதா?
- வாசகி, காவேரிப்பட்டணம் அருகில்

பதில்: எழுதலாம் அம்மா. பள்ளியில் படிக்காமல் நேரடியாகத் தேர்வெழுதுவோரைத் தனித்தேர்வர் என்பார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்ச வயது உண்டே தவிர, இத்தனை வயதுக்கு மேல் எழுதக் கூடாது என்ற விதி இல்லை. எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் நின்றவர்களுக்கு முதலில் எழுதத் தனியே ஓர் எட்டாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது.

முதல் வேலையாக, ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். டி.சி. தொலைந்தாலும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். அதைக் கொண்டு தலைமையாசிரியர் நகல் பெற வழி சொல்வார். அங்கே இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பதிவேட்டில் உங்கள் தந்தையின் இனிஷியல் இருக்கும். ஆதாரிலோ திருமணத்திற்குப் பின் கணவரின் இனிஷியலாக மாறியிருக்கக்கூடும். பிறந்த தேதியும், அக்காலத்தில் பல பெற்றோர் தோராயமாகச் சொல்லிச் சேர்த்ததால், இரண்டிலும் வெவ்வேறாக இருக்க வாய்ப்புண்டு. விண்ணப்பிக்கும் முன் இவற்றை ஒன்றாக்கிவிடுங்கள், ஏனென்றால் மதிப்பெண் சான்றிதழில் அச்சேறிய பிறகு பிறந்த தேதியைத் திருத்துவது ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கும் காரியம். நீங்கள் படித்த காலத்தில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக இல்லை. 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய தாளில் தருமபுரி மாவட்டம் என்றிருந்தால் அது பிழையில்லை, அதைத் திருத்தப் போய் நாளை வீணாக்க வேண்டாம்.

அடுத்ததில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அறிவியல் பாடத்தில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கும் உரியவை. தனித்தேர்வர்கள் இந்தச் செய்முறைக்கென முன்னதாகவே பெயரைப் பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளியில் பயிற்சி வகுப்புக்கும் சென்றிருக்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பம் வாங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, இந்தப் பதிவு முடிந்துவிடும். அந்நேரம் உங்களுக்கு மாங்கூழ் சீசனாக இருப்பதால் நாள் தவறிப்போவது எளிது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வாண்டுப் பதிவு முடிந்திருந்தால் அடுத்த ஆண்டு எழுதுங்கள். மார்ச், ஏப்ரலில் நடக்கும் பொதுத் தேர்வையே குறி வையுங்கள். துணைத் தேர்வோ மாங்கூழ் ஆலைகள் முழு வேகத்தில் ஓடும் நாட்களில் வருவதால், கூலியா தேர்வா என்ற சிக்கலில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படி வரும் கடிதங்களில் பாதி அந்தப் பயத்திலேயே நின்றுவிடுகின்றன. நூறுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இவற்றில் பல பாடநூலின் பயிற்சிகளில் இருப்பவையே. கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று என இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்கள். வடிவொத்த முக்கோணம், வட்டத்திற்குத் தொடுகோடு போன்றவற்றை அளவுகோலும் கவராயமும் கொண்டு கை பழகும் வரை வரைந்தால் அந்த 16 மதிப்பெண்ணில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதிக்கு உறவுகளும் சார்புகளும், புள்ளியியலும் நிகழ்தகவும் என்னும் இரு இயல்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்தாளாகச் சிமெண்டும் மணலும் கணக்குப் பார்த்துக் கலந்த உங்களுக்கு உருளையின் கன அளவு புரியாமல் போகாது. அதனால் அளவியலையும் ஒதுக்கிவிட வேண்டாம். முக்கோணவியலை நேரமிருந்தால் பாருங்கள். புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது, கற்றுக்கொடுக்க மகனும் இருக்கிறான். தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் இரண்டு முறை படித்ததாகிவிடும்.

ஊர் சிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது கிருஷ்ணகிரியில் 71.46, தருமபுரியில் 68.54. கடனுக்கும் கல்யாணத்துக்கும் பள்ளியை விட்டவர்கள் உங்கள் தெருவிலேயே பலர் இருப்பார்கள், “இனிமேல் படித்துக் கலெக்டராகவா போகிறாய்?” என்று முதலில் கேட்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். மகனின் கூச்சம் வேறு விஷயம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது நியாயமானதும்கூட. தனித்தேர்வர்களுக்கெனத் தனி மையங்கள் ஒதுக்குவது வழக்கம் என்பதால் அவனுடைய வகுப்பறையில் நீங்கள் அமர நேராது என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, அங்கன்வாடி உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் தகுதி. கைம்பெண்களுக்கு வயதில் தளர்வு உண்டு என்றாலும் அதற்கும் வரம்பிருக்கிறது. காலம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆதரவற்ற விதவைச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அத்துடன் பத்தோடு நின்றுவிடாமல் பன்னிரண்டையும் முடிக்கப் பாருங்கள். குரூப் 4 தேர்வில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த ஆதரவற்ற விதவைகளுக்கு, கிராம நிர்வாக அலுவலர் பணி போன்ற சில நீங்கலாக, உச்ச வயது வரம்பு இல்லை.

தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களைச் சிறிது சிறிதாக முடிக்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் தமிழக அரசு வேலையை மனத்தில் வைத்திருப்பவருக்கு மாநிலச் சான்றிதழையே நான் பரிந்துரைப்பேன், பிற்பாடு ‘இது இணையானதா’ என்ற கேள்விக்கு இடமிருக்காது. ஒரே ஆண்டில் பத்தும் பன்னிரண்டும் வாங்கித் தருவதாகப் பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டுபவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1997இல் பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் இரண்டிலும் தோற்றேன். இப்போது லாரி ஓட்டுகிறேன். ஐந்து பாடங்களையும் மறுபடி எழுத வேண்டுமா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம் ஐயா, தோற்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும், ஆனால் இப்போதைய பாடத்திட்டத்தில் எழுத வேண்டும். உங்கள் காலத்தில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது, இப்போது உண்டு. ஆகவே மேலே அந்தச் சகோதரிக்குச் சொன்ன செய்முறைப் பதிவு உங்களுக்கும் பொருந்தும். பயிற்சி வகுப்பு நாட்களில் நெடுந்தூர லோடு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மதிப்பெண் சான்றிதழை விண்ணப்பத்தின்போது காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அது பத்திரமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.