மெத்தையை நனைக்கும் பூனை: கோபம் பூனைக்கா, நமக்கா?

கேள்வி: எங்கள் நாட்டுப் பூனைக்கு இரண்டரை வயது, ஆண். ஒரு வயதிலேயே கருத்தடை செய்துவிட்டோம். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரமாக எங்கள் மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போனதற்குப் பழிவாங்குகிறது என்கிறார் மாமியார். மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து இரண்டு அடி போடச் சொன்னார், போட்டும் பார்த்தோம். இப்போது எங்களைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது, மெத்தையை மட்டும் விடவில்லை. லிட்டர் பாக்ஸ் (அது கழிவுக்குப் போகும் மணல் பெட்டி) குளியலறையில் வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. தினமும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். போன மாதம்தான் லாவெண்டர் வாசனை மணலுக்கு மாறினோம். சோபாவைப் பிறாண்டுவதும், விடியற்காலை நாலரைக்குக் கத்தி எழுப்புவதும் தனி. எப்படித் திருத்துவது?
- வாசகி, கோவை

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு வருமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர் போதிய அளவு வருகிறதா?

இதை முதலில் கேட்கக் காரணம் உண்டு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சிறுநீர்ப்பையில் அழற்சி வந்தாலோ, மணல் போன்ற படிகங்கள் சேர்ந்தாலோ அது அடைத்துக்கொள்ளும். கருத்தடை செய்த பூனைக்கும் வரும். அடிக்கடி போய்க் குந்துவது, முக்குவது, இரண்டு சொட்டு மட்டும் வருவது, சிறுநீரில் ரத்தம், கத்திக்கொண்டே அடிப்பகுதியை நக்குவது எல்லாம் அதன் அறிகுறிகள். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சொட்டுகூட வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே தூக்கிக்கொண்டு போங்கள். முழு அடைப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயமே நின்றுவிடும்.

நன்றாகப் போகிறது என்றாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். வலியோடு சிறுநீர் கழித்த பூனை அந்த வலியை லிட்டர் பாக்ஸோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். 'அந்த இடத்துக்குப் போனால் எரிகிறது, மெத்தை மெத்தென்று இருக்கிறது' என்பதுதான் அதன் கணக்கு. வைத்தியம் முடிந்த பிறகும் இந்தக் கணக்கு சில நாள் நீடிக்கும்.

அடுத்தது பழிவாங்கல். சனிக்கிழமை நீங்கள் ஊருக்குப் போனதையும் திங்கட்கிழமை மெத்தையை நனைப்பதையும் கோத்துத் திட்டம் போடும் மூளை பூனைக்கு இல்லை. ஆனால் நீங்கள் இல்லாத இரண்டு நாளில் அது பயந்திருக்கும். பயந்த பூனை தனக்குப் பழகிய வாசனை எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே தன் வாசனையையும் கலந்து வைக்கும். உங்கள் வாசனை அதிகம் ஊறியிருப்பது மெத்தையில்தான். மாமியார் வஞ்சம் என்று படித்ததை நான் கவலை என்று படிக்கிறேன்.

அடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைத் தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளில் அடைத்து, வெளியே மீனை வைத்துப் பார்த்து, 1898-இல் அதை ஆய்வேடாக வெளியிட்டார். பூனை சும்மா அங்குமிங்கும் பிறாண்டும். தற்செயலாகத் தாழ்ப்பாள் திறந்து மீன் கிடைக்கும். அடுத்தடுத்த முறை திறக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். எந்தச் செயலை ஒட்டி நல்லது நடக்கிறதோ அந்தச் செயல் நிலைக்கும் என்பது அவர் கண்டது. இதில் முக்கியம் 'ஒட்டி' என்ற சொல். செயலுக்கும் விளைவுக்கும் நடுவே ஒன்றிரண்டு நொடிதான் இருக்கலாம். காலையில் நனைத்த மெத்தைக்குச் சாயங்காலம் அடி விழுந்தால், அடித்த ஆளைத்தான் பூனை நினைவில் வைக்கும். இன்னொன்று, நாய் கூட்டமாக வேட்டையாடிய பரம்பரை. பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடியது. தலைவன் முகம் கோணாமல் நடந்துகொள்ளும் பழக்கம் அதற்குத் தேவைப்படவில்லை. அதட்டினால் நாய் குழைகிறது, பூனை நகர்ந்துவிடுகிறது என்றால் வித்தியாசம் இதுதான்.

இப்போது லிட்டர் பாக்ஸ். வாஷிங் மெஷின் திடீரென்று உதறிச் சுழலும்போது பக்கத்தில் குந்தியிருக்கும் பூனையை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை நடந்தால் போதும். ராத்திரி யாராவது குளியலறைக் கதவைச் சாத்துகிறார்களா என்றும் விசாரியுங்கள். என்னிடம் வந்த 'திருந்தாத' பூனைகளில் சில, வெறுமனே மூடிய கதவுக்கு வெளியே நின்ற பூனைகள்.

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். வாடை ஒரு பக்கம், நஞ்சு இன்னொரு பக்கம். கறுப்பு பினாயிலில் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. அவற்றை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பாதத்தில் ஒட்டுவதை நக்கியே உள்ளே தள்ளிவிடும். வெள்ளை பினாயிலும் டெட்டாலும்கூட வேண்டாம். (பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே குறைபாட்டால்தான். காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.) சாதாரண பாத்திர சோப்பும் வெந்நீரும் போதும். தினமும் கழுவ வேண்டியதில்லை. சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டியையும் மலத்தையும் மட்டும் தினம் இரண்டு வேளை அள்ளிவிட்டு, வாரம் ஒருமுறை முழுதாகக் கழுவுங்கள்.

லாவெண்டர் வாசனை நமக்காகத் தயாரித்தது. பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிப்பது வாசனையில்லாத, நைசான, கட்டி பிடிக்கும் மணல். இரண்டு அங்குல ஆழம் போதும். கட்டட மணலைச் சலித்துப் போட்டாலும் குற்றமில்லை, ஆனால் கட்டி பிடிக்காது, அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ் வேண்டும், இரண்டும் வேறு வேறு அறையில். கடையில் 'கேட் டிரே' என்று விற்பவை பெரும்பாலும் சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். பாத்திரக் கடையில் கிடைக்கும் நீள பிளாஸ்டிக் டப் அதைவிட நல்லது. முதல் வாரம் ஒரு டப்பைப் படுக்கையறையிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, தினம் ஒரு சாண் என்று நகர்த்தி வெளியே கொண்டுபோகலாம்.

மெத்தையைச் சுத்தம் செய்வது தனி வேலை. சிறுநீரில் வாடை தரும் பொருள்கள் தண்ணீரிலும் சோப்பிலும் முழுதாகப் போகாது. மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டதும் பழைய வாடை மறுபடி கிளம்புவது அதனால்தான். நம் மூக்குக்குத் தெரியாதபோதும் பூனைக்கு அது 'இங்கே போகலாம்' என்ற பலகை. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை (நொதிகளால் கறையைச் சிதைக்கும் திரவம்), சிறுநீர் ஊறிய ஆழத்துக்கு ஊறும்படி ஊற்றித் தானாகக் காயவிடுங்கள். மேலே தண்ணீர் புகாத உறை போடுங்கள். பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டை அந்த மெத்தை மேலேயே வையுங்கள். சாப்பிடும் இடத்தைப் பூனை பொதுவாக அசிங்கம் செய்யாது.

சோபா கதை எளிது. பிறாண்டுவதில் நகத்தின் பழைய உறை கழல்கிறது, உடம்பு நீள்கிறது, பாதச் சுரப்பியின் வாசனை ஒட்டுகிறது. நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். மூன்றடி உயரக் கட்டைக்குத் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கமாகச் சுற்றி, ஆடாத கனமான அடிப்பலகையில் நிறுத்தி, கிழிந்த கைப்பிடிக்கு நேர் முன்னால் வையுங்கள். மூலையில் ஒளித்து வைத்தால் வீண். சோபாவில் சில வாரம் இருபுறமும் ஒட்டும் டேப். கட்டையைத் தொட்ட நொடியில் ஒரு தீனி. பாதத்தைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டாதீர்கள், பயந்துவிடும். நகத்தை நுனி மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். நகத்தையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது நகத்தை எடுப்பதல்ல, விரலின் கடைசி எலும்பை வெட்டுவது. செய்யக் கூடாது.

நாலரை மணி? அந்தியும் விடியலும் பூனையின் வேட்டை நேரம். படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் கயிற்றில் எதையாவது கட்டி இழுத்து விளையாட்டு, உடனே நாளின் பெரிய சாப்பாடு. விடியலில் கத்தினால் எழுந்திருக்காதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். முதல் சில நாள் கத்தல் இன்னும் கூடும். ஐந்தாம் நாள் பொறுக்காமல் எழுந்து கிண்ணத்தை நிரப்பினால், ஐந்து நாள் கத்தினால் பலன் உண்டு என்று நீங்களே பாடம் நடத்தியதாகும்.

கடைசியாக, கட்டிலுக்கு அடியில் ஒளியும் பூனை. அதன் பயத்தைப் போக்கும் வேலையை மாமியாரிடமே ஒப்படையுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைக் கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு டாட் பேனாவை 'டிக்' என்று அழுத்தியதும் ஒரு துண்டு போட வேண்டும். பத்துத் துண்டு, இரண்டு நிமிடம், தினம் இரண்டு வேளை. இரண்டு மூன்று நாளில் 'டிக்' கேட்டதுமே தலை நிமிரும். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பூனை ஓர் அடி முன்னே வைத்த அதே கணத்தில் 'டிக்', துண்டு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, அதுவே மடிக்கு வரும்வரை சும்மா இருக்கட்டும்.