புதுப் பாடம் சேர்க்கும் முன் எதை எடுக்கப் போகிறீர்கள்?

சென்னையில், பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் பாடத்திட்டக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், கணினி அறிவியல் பட்டப்படிப்பு குறித்த கேள்விகளை என்னிடம் தந்தார்கள். அவற்றுள் சில:

தாம்பரத்திலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர்: எங்கள் கல்லூரிக்கு இப்போதுதான் தன்னாட்சி கிடைத்தது. செயற்கை நுண்ணறிவில் 4 பாடங்கள் சேர்க்கச் சொல்கிறார் முதல்வர். எங்கே தொடங்குவது சார்?

எடுப்பதில் தொடங்குங்கள். தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்வையிடும் ஏஐசிடிஇ-யின் 2018 மாதிரிப் பாடத்திட்டப்படி பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட். வாரம் 1 மணி வகுப்புக்கு 1 கிரெடிட். லேப் என்றால் 2 மணிக்கு 1. பாடத்துக்கு 3 என்றாலும் 12 கிரெடிட் வேண்டும். வழக்கமாக முதலில் கணிதத்தின் மேல்தான் கை வைப்பார்கள். நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் இல்லாமல், செயற்கை நுண்ணறிவின் முக்கியப் பகுதியான இயந்திரக் கற்றலை நடத்தினால், யாரோ எழுதிய நிரலை மாணவன் ஓட்டிக் காட்டுவான். விடை ஏன் அப்படி வந்தது என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பான்.

ஒரு பெரிய தாளில் எல்லாப் பாடங்களையும் எழுதி, எதைப் படித்தால் எது புரியும் என்று அம்புக்குறி போடுங்கள். அம்பு கிளம்பாத பாடங்களை விருப்பப் பாடமாக்குவது பற்றிப் பேசலாம். நிறைய அம்பு கிளம்பும் பாடத்தைத் தொடாதீர்கள், யார் சொன்னாலும்.

வேளச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை: மாணவர்களுக்கு முதல் நிரல் மொழி சியா, பைத்தானா?

நெடுநாள் நான் சி கட்சி. ஒருநாள் லேபில் ஒரு மாணவி, எண்களை வரிசையாக வைக்கும், 10 இடமுள்ள அணியில் 11-வது எண்ணையும் எழுதியிருந்தாள். நிரல் ஒரு முறை ஓடியது, மறுமுறை விழுந்தது. “10-ஐ 100 ஆக்கிவிட்டேன் சார், இப்போது ஓடுகிறது” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. அவளைக் குறை சொல்ல முடியவில்லை. சி அணியின் எல்லையைச் சரிபார்ப்பதில்லை. பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பைத்தான் பட்டியலில் இல்லாத இடத்தைத் தொட்டால் அந்த வரியிலேயே நின்று பிழையைச் சொல்லும். அதனால் முதல் செமஸ்டரில் பைத்தான், அடுத்ததில் சி என்பேன். சியை அறவே விட்டுவிடாதீர்கள். நினைவக முகவரியைக் கையாண்டு பார்க்காதவனுக்கு இயங்குதளப் பாடம் புராணக் கதைதான்.

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு பி.இ.யா, பி.எஸ்சி.யா? பாடம் ஒன்றுதானே ஐயா?

பி.எஸ்சி. 3 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, ஆழத்தில் வேறுபாடு உண்டு. பெயரை விட, பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தரவுக் கட்டமைப்பு (தரவை நினைவகத்தில் ஒழுங்காக அடுக்கும் முறைகள்) இரண்டாம் ஆண்டுக்குள் வருகிறதா? லேப் எத்தனை மணி? அண்ணா பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியில்லாத இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டம் ஒன்றுதான். அங்கே ஆசிரியர்களைப் பற்றி விசாரியுங்கள்.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: நிறுவனங்கள் கேட்பதை மட்டும் கற்பித்தால் என்ன?

எந்த ஆண்டில் கேட்பதை? கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் 1968-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தர்க்கம், கணங்கள் போன்றவை அடங்கிய டிஸ்கிரீட் கணிதமும் தரவுக் கட்டமைப்பும் இருந்தன. ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம், செயற்கை நுண்ணறிவுச் சங்கமான ஏஏஏஐ மூன்றும் சேர்ந்து உருவாக்கிய சிஎஸ்2023 பாடத்திட்ட வழிகாட்டியிலும் அவை இருக்கின்றன. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது கற்ற கருவிகளில் எத்தனை இன்னும் உங்கள் மேசையில் இருக்கின்றன?

ஆனாலும் நீங்கள் வர வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைக்கு ஓர் இடம் விதிப்படியே உண்டு. எங்கள் கடைசிக் கூட்டத்துக்கு அந்த இருக்கைக்குரியவர் வந்து சேர்ந்தபோது, காபி ஆறி, நாங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.