போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கலாமா? - பதில்

வேதாரண்யம் பக்கம் மணல் நிலத்தில் 40 அடி போரில் தண்ணீர் உப்பாகி முல்லைச் செடி கருகுகிறது, 120 அடிக்கு இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இறக்காதீர்கள் அண்ணே.

உங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் கடல் நீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் நீர் கனமானது என்பதால் அடியில் கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதாவது மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். ஆழமாகப் போனால் உப்பை நீங்களே தேடிப் போவதாக ஆகிவிடும்.

மழை பெய்தால் திரும்ப ஊறிவிடுமே என்பீர்கள். ஊறும்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழை தருவதைவிட அதிகமாக உறிஞ்சினால், புதுப்பிக்கக்கூடிய வளமும் தீர்ந்துபோகிற வளம்தான். ஒருமுறை உப்பேறிய அடுக்கு நல்லதாகப் பல வருடங்கள் பிடிக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, இப்போதைக்கு மோட்டாரை ஒரேயடியாக ஓட்டாமல், விட்டுவிட்டுக் குறைவாக ஓட்டுங்கள். ஆழமில்லாத குட்டை வெட்டி ஊறும் தண்ணீரை எடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே வரப்பை உயர்த்தினால் மழைநீர் அங்கேயே இறங்கும், வேரடி உப்பும் கரையும். அப்புறம், மண்ணையும் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் ஜிப்சம் வாங்கிக் கொட்ட வேண்டாம், அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து.