காலின் சிரையும் மார்பின் தமனியும்

கேள்வி: பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் என் தந்தைக்கு மார்பினுள்ளிருந்து ஒரு தமனியையும் காலிலிருந்து ஒரு சிரையையும் எடுத்து இணைத்தார்கள். தமனிதான் நீண்ட காலம் அடைபடாமல் இருக்கும் என்றார் மருத்துவர். ஒரே உடலின் குழாய்களுக்குள் மரபணு வேறுபாடு உண்டா? அது பிள்ளைகளான எங்களுக்கும் வருமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் தந்தையின் தமனியிலும் சிரையிலும் உள்ள மரபணுத் தொகுதி ஏறக்குறைய ஒன்றேதான், எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்பதே வேறுபடுகிறது. இதய அறைகளையும் ரத்தக் குழாய்களையும் உட்புறம் போர்த்தியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்களுக்கு எண்டோதீலியம் என்று பெயர். மூளையில் இச்செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று பல பொருள்களைத் தடுக்கின்றன. கல்லீரலிலோ நுண்துளைகளோடு அமைந்து அவற்றுக்கு வழிவிடுகின்றன.

தமனிச் செல்கள் எஃப்ரின்-பி2 என்ற புரதத்தையும், சிரைச் செல்கள் அதனோடு இணையும் எஃப்-பி4 என்ற ஏற்பியையும் தாங்குவதை 1998-இல் எலிக் கருக்களில் கண்டறிந்தனர். குழாய்கள் முழு வடிவம் பெறுவதற்கு முன்பே இந்த அடையாளம் தோன்றிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பிறகு ரத்த ஓட்டமும் மரபணுக்களை ஆள்கிறது. சீரான ஓட்டத்தின் உராய்வு கேஎல்எஃப்2 மரபணுவைத் தூண்ட, செல்கள் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அது குழாயைத் தளர்த்தி, தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு வளைவுகளில் வண்டலை விட்டுச் செல்வதைப்போல, ஓட்டம் குலையும் தமனிக் கிளைகளில்தான் கொழுப்பு முதலில் சேர்கிறது. ஆனால் அது வெறும் வண்டலன்று. அங்குள்ள செல்களே இயல்பு மாறி, கொழுப்பையும் அழற்சிச் செல்களையும் உள்ளே விடுகின்றன.

குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய காலின் சிரை, இதயத்தில் திடீரெனத் தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. நாளடைவில் அது தன் சிரை அடையாளத்தை இழந்தாலும் தமனியின் அடையாளத்தை முழுமையாகப் பெறுவதில்லை; அதன் உட்சுவரும் தடிக்கிறது. மார்புத் தமனியோ இயல்பாகவே நைட்ரிக் ஆக்சைடை மிகுதியாகச் சுரப்பது. இருப்பினும் ஒரே தமனியால் எல்லா அடைப்புகளையும் கடக்க இயலாது என்பதால் சிரையும் தேவைப்படுகிறது. புகையிலையைத் தவிர்த்து, மருத்துவர் தந்த ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தாமாக நிறுத்தாமல் இருந்தால் அச்சிரையும் பல ஆண்டுகள் பயன்தரும்.

இவ்வேறுபாடு ஒவ்வோர் உடலிலும் புதிதாக உருவாவது. நோயாக உங்களுக்கு வருவதன்று. மரபுவழி வரக்கூடியது மிகைக் கொலஸ்ட்ரால்; தந்தைக்கு இளவயதிலேயே இதய நோய் வந்திருந்தால், நீங்களும் உடன்பிறந்தோரும் ரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.